சாமிக்காட்டுக் கம்பு

நான் ஓர் இடத்தில் நிலையாக உட்காரமாட்டேன் என்பது எங்கள் வீட்டில் பழைய புகார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். கணக்கு டீச்சராக இருந்த காலமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியதாக ஞாபகம் இல்லை. ஆனால் கடந்த இரண்டு வருஷமாக இருக்கிற அலைச்சல் வேறு. இப்போது உட்கார்ந்தாலும் மனசு எழுந்து நடந்துகொண்டிருக்கிறது. காரணம் என் வீட்டுக்காரரின் இடது கால்.

அவர் ரயில் எஞ்சின் ஓட்டியவர். புனேயிலிருந்து மலையைக் குடைந்து கடலோரக் கொங்கணத்துக்கு இறங்கும் பாதையில் சரக்கு வண்டி, பயணிகள் வண்டி இரண்டையும் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு லேசாக ஒரு பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கை திரும்பிவிட்டது, இடது கால் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைவு. நடக்கும்போது அந்தக் கால் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கால் வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய்விட்டு வரும்.

ஒருமுறை விழுந்தும்விட்டார். விழுந்த இடம்தான் கொடுமை. புனே கோர்படியில் எங்கள் காலனிக்குப் பக்கத்து ரயில்வே கேட்டில், தண்டவாளத்தைத் தாண்டும்போது. கேட் திறந்திருந்தது, வண்டி எதுவும் வரவில்லை, சும்மா கால் தட்டி விழுந்தார். கேட்மேன் ஓடிவந்து தூக்கினான். எத்தனையோ நாள் இவர் வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டியவன் அவன். முட்டிச் சிராய்ப்போடு போயிற்று. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தரம் விழுந்து இடுப்பெலும்பு போனால் படுக்கைதான், ஒரு ஸ்டிக் வாங்கிக் கையில் கொடுங்கள் என்றார்.

அன்றைக்கே கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் மருந்துக்கடையில் ஓர் அலுமினிய ஸ்டிக் வாங்கிவந்தேன். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் வைத்தது, அடியில் கறுப்பு ரப்பர். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“சவத்தத் தூர வையி,” என்றார். “நான் என்ன அன்ஃபிட்டா?”

எஞ்சின்காரர்களுக்கு அவ்வப்போது மெடிக்கல் நடக்கும். கண்ணிலோ காதிலோ குறை வந்தால் அன்ஃபிட் என்று எழுதி இறக்கிவிடுவார்கள். அப்புறம் அந்த மனிதர் ஷெட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து மற்றவர்கள் வண்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இவர் கடைசிவரை அப்படி இறக்கப்படாதவர். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பக்கவாதம் வந்து படுத்திருந்தபோதுகூட, சர்வீஸில் இருக்கும்போது வரவில்லையே என்றுதான் சந்தோஷப்பட்டார். அப்படிப்பட்டவரிடம் போய் ஸ்டிக்கை நீட்டினால் என்ன ஆகும்? மூன்று வேளை சாப்பாட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். கொடுக்கவில்லை. ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி மகளின் கார் டிக்கியில் போட்டுவிட்டேன். மகள் கராடியில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள், அங்கேயே ஃபிளாட். எங்களை எங்கே கூட்டிப்போவதானாலும் அவள் கார்தான். என்றைக்காவது ஓர் அவசரத்துக்குக் கை கொடுக்கும் என்று அதை எங்கே போனாலும் எங்களோடு கொண்டுபோனேன். சர்ச், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, எல்லா இடத்துக்கும் அவருக்குத் தெரியாமல் வரும் நாலாவது ஆள் மாதிரி அது வந்தது. ஒரே தொல்லை, ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் பெட்ஷீட்டையும் மீறி ஒரு கிளிங் சத்தம் வரும். அதனால் ஸ்பீட் பிரேக்கர் கண்ணில் பட்டதும் நான் இருமுவேன். புனேயில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு டி.பி. இருக்குமோ என்று மகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மலைக்குப் போகலாம் என்று ஆரம்பித்ததும் மகள்தான். சதாரா தாண்டி மேற்கே திரும்பினால் சஹ்யாத்ரியின் உச்சியில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. ஆபீஸ் ஆட்கள் போய் வந்தார்களாம். உள்ளே கைடோடுதான் நடக்கலாம், ஏற்றம் கொஞ்சம்தான், மேலே போனால் பெரிய பாறைச் சமவெளி, அதன் விளிம்பில் நின்றால் கீழே கொங்கணம் முழுக்கத் தெரியும் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சரி என்றுவிட்டார்.

“இத்தன வருஷம் அந்த மலையோடயே கெடந்திருக்கேன். ஆனா அது உள்ள பூந்துதான் போயிருக்கேன். ஒரு டனலுக்கும் அடுத்த டனலுக்கும் நடுவுல பாக்கதெல்லாம் ஒரு பார்வையா? மேல ஏறி நின்னு ஒரு நாள் பாக்கணும்,” என்றார்.

“அந்தக் காலோடயா?” என்றேன்.

“பொறவு, இரவல் காலா வாங்கிட்டுப் போவாங்க?”

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க எலுமிச்சம் சோற்றுக்குத் தாளிப்பதும், பேண்டேஜ் எடுத்து வைப்பதும், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடப்பதுமாக இருந்தேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். எங்கள் வீட்டு வழக்கப்படி கார் நகர்வதற்கு முன் ஜெபம். மகள் அவசர அவசரமாக முடித்துவிட்டாள். நான் மனசுக்குள் இன்னொரு தரம் இடது காலுக்கென்று தனியாகச் செய்துகொண்டேன். வழியில் ஓர் இடத்தில் மிசல் சாப்பிட்டோம். நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் ஊருக்கு ஊர் ஸ்பீட் பிரேக்கர், தொண்டை வறண்டுபோகிற அளவுக்கு இருமினேன். அவர் முன்சீட்டில், சிக்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். மனிதர் குக்கர் சத்தத்தை வைத்தே கேஸ்கெட் போய்விட்டது என்று ஹாலிலிருந்து சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குத்தான் நான் பயந்தேன்.

மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் மகள் போட்டோ எடுக்கக் காரை நிறுத்தினாள். நான் இறங்கிச் சும்மா நிற்பேனா? சரிவில் வெள்ளைப் பூவோடு ஒரு கொடி. எங்கே போனாலும் ஒரு கிளையைக் கிள்ளி ஈரக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது என் வழக்கம். எங்கள் பால்கனியில் பாதிச் செடி அப்படி வந்தவைதான், காசு கொடுத்து வாங்கிய செடி எனக்குத் தழைக்காது. அதையும் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பூங்கா வாசலில் பிளாஸ்டிக் சோதனை. காவலுக்கு நின்ற கார்டு ஒருவர் பைகளைத் திறக்கச் சொன்னார். எங்களுக்குக் கைடாக வரவேண்டிய பெண்ணும் பக்கத்தில் நின்றாள். நாற்பது வயசு இருக்கும், புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. என் கைப்பையிலிருந்து ஈரக் கைக்குட்டை வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து கொடி எட்டிப் பார்த்தது.

“காகூ, வெளியே கிள்ளினது போகட்டும்,” என்றாள் அவள் மராத்தியில், சித்தி முறை வைத்து. “உள்ளே இந்த வேலை கூடாது.”

கணக்கு டீச்சராக இருந்த என்னைக் காப்பியடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் கார்டு டிக்கியைத் திறந்துவிட்டார். பெட்ஷீட் பொட்டலத்தைத் தட்டிப்பார்த்தார். நீளமாக, கெட்டியாக இருந்தது. இது என்ன என்று உரக்கக் கேட்டார்.

“குடை,” என்றேன்.

“டிசம்பர்லயா?”

“வெயிலுக்கு.”

அவர் என்னையும் பொட்டலத்தையும் பார்த்துவிட்டு டிக்கியைச் சாத்தினார். முன்சீட்டில் இவர் தலை திரும்பவே இல்லை. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். முதல் பாகம்தான் மோசம். சரளைக்கல்லும் உருளைக்கல்லுமாக ஒரு செங்குத்துச் சரிவு. கைடு முன்னால், மகள் அடுத்து, அப்புறம் இவர், கடைசியில் நான். மற்றவர்கள் மரத்தையும் பறவையையும் பார்த்தார்கள். காட்டெருமையின் குளம்படி, சிறுத்தை நகம் பதித்த மரம் என்று கைடு எதையெதையோ காட்டினாள். நான் பார்த்ததெல்லாம் ஒரு பழுப்பு நிற ஷூ, இடது கால். அது எந்தக் கல்லில் வைக்கிறது, எந்தக் கல் ஆடுகிறது. இரண்டு தரம் சறுக்கினார். இரண்டு தரமும் என் கை தானாக நீண்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி ஒரு செடியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏங்க, என் தோளப் பிடிச்சுக்கிடுங்க.”

“நீ பேசாம வா. நீ பின்னால நின்னு மூச்சு விடுததுலதான் எனக்குக் கால் தட்டுது.”

“மம்மி, டென்ஷன் ஆகாத நா,” என்றாள் மகள் மேலேயிருந்து. “டாடி டீக் இருக்காங்க.”

சரிவு முடிந்த இடத்தில் திடீரென்று இருட்டு. வானம் தெரியாத அளவுக்கு மரங்கள், தொடைத் தடிமனில் கொடிகள், கீழே முழங்கால் வரை சருகு. அதுதான் தேவராயி என்றாள் கைடு, சாமிக்கென்று விட்ட காடு. நடுவே செந்தூரம் பூசிய ஒரு கல், அதுதான் அவர்கள் ஊர்த் தேவி. ஊர் என்று இப்போது அங்கே எதுவும் இல்லை. பூங்கா வந்தபோது எல்லாக் குடும்பங்களையும் கீழே சமவெளியில் குடியேற்றிவிட்டார்கள். தேவி மட்டும் வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஜாத்திரை என்று அனுமதி வாங்கி, ஊரே பல்லக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வருமாம். காட்டின் ஓரம் வந்ததும் மேளத்தை நிறுத்திவிடுவார்களாம்.

“செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையணும்,” என்றாள். “சத்தம் போடக் கூடாது. உள்ளேயிருந்து எதையும் எடுக்கக் கூடாது. காய்ந்த இலை, சுள்ளி, கல், எதுவும்.” கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு வேறு கவலை. உணர்ச்சியில்லாத அந்தப் பாதத்தில் முள் குத்தினால்கூட அவருக்குத் தெரியாது. “இவர் ஷூவோடு வரட்டும், உடம்பு சரியில்லாதவர்,” என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தோம்.

உள்ளே நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன், அவள் கண் என்மேலேயே இருந்ததால். எங்கு பார்த்தாலும் பெரணி, ஆர்க்கிட். விரல் துறுதுறுத்தது. காட்டின் மறு ஓரம் வந்ததும் இன்னொரு சடங்கு. வெளியே கால் வைப்பதற்கு முன் உடம்பை உதற வேண்டும். ஜாத்திரைக்கு வருகிற ஊர்க்காரர்கள் எல்லாருமே புடவைக் கொசுவத்தை உதறி, தலைமுடியைக் கோதி, உள்ளங்காலைத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவார்களாம். ஒட்டிக்கொண்ட இலைகூடத் தேவியுடையது. மகள் ஜீன்ஸைத் தட்டினாள். நான் சேலையை உதறினேன். கைடு என் பின்னலிலிருந்து ஒரு சருகை எடுத்து உள்ளே போட்டாள். கைப்பையையும் திறந்து காட்டச் சொன்னாள். திறந்து காட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்தக் கலாட்டாவில் அவர் எங்களைத் தாண்டி வெளியே போய், வெயிலில் ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி நடக்கத் தொடங்கியபோதுதான் கவனித்தேன். கால் சறுக்கவில்லை. தாமதமாக வந்தாலும் நின்று நிதானமாக வந்தது. அவர் வலது கையில் ஒரு கம்பு இருந்தது.

கொடி சுற்றிச் சுற்றி இறுக்கியதில் திருகாணி மாதிரி முறுக்கேறிய கம்பு. மார்பு உயரம், கைக்கு அடக்கமான தடிமன். வெறுங்காலோடு வேரில் தடுமாறியபோது மரத்தில் சாய்ந்து கிடந்ததை எடுத்து ஊன்றியிருக்கிறார். எடுத்தது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இரண்டு வருஷமாக நான் கெஞ்சியும் திட்டியும் அழுதும் நடக்காதது தானாக நடந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் கீழே போட்டுவிடுவார் என்று பயம். மகளின் கையைக் கிள்ளிக் கண்ணைக் காட்டினேன். அவளும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அது எங்கேயிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மேலே சமவெளி. கறுப்புப் பாறை, பொன்னிறமாகக் காய்ந்த புல், காதைப் பிய்க்கிற காற்று. அதன் விளிம்பில் மலை சட்டென்று முடிந்து, கீழே மடிப்பு மடிப்பாகக் கொங்கணம். கடைசி மடிப்புக்கு அப்பால் தெரிகிற மங்கல் கடலா மேகமா என்று மகளும் கைடும் பேசிக்கொண்டார்கள். அவர் கம்பின் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நான் அந்தக் கம்புக்கு எங்கே ரப்பர் போடலாம், வார்னிஷ் அடிக்கலாமா, போசரியில் மரவேலை செய்கிறவர் யாராவது கிடைப்பார்களா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொங்கணத்தைப் பார்த்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாப்பிட உட்கார்ந்தபோது வினை வந்தது. கைடு பாக்ரி ரொட்டியும் மிளகாய்த் தொக்கும் கொண்டுவந்திருந்தாள், நாங்கள் எலுமிச்சம் சோறு. பரிமாறிக்கொண்டிருக்கும்போது அவள் கண் அவர் பக்கத்தில் கிடந்த கம்பில் விழுந்தது. கையிலிருந்த பாக்ரியைக் கீழே வைத்தாள்.

“காகா, இதை எங்கே எடுத்தீங்க?”

“வழியில்,” என்றேன் நான் முந்திக்கொண்டு.

“இந்தக் கொடி வழியில் கிடையாது, காகூ. தேவராயிக்குள்ளேதான் இருக்கு.”

அவள் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் பயந்துபோயிருந்தாள். முகமே மாறிவிட்டது. காட்டு இலாகா சட்டமென்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவாளாம், இது அப்படியில்லை என்றாள். ஊரைக் காலி செய்தபோது வீட்டு நிலைக்கதவு, உரல், மாட்டுத்தொழுவத்துக் கல்வரை லாரியில் ஏற்றினார்களாம். இந்தக் காட்டிலிருந்து அடுப்புக்கு ஒரு சுள்ளிகூட எடுக்கவில்லையாம்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “செத்துப்போன கட்டை,” என்றேன். “மக்கி மண்ணாகப் போகிறது. நடக்க முடியாத மனுஷனுக்கு ஒத்தாசையாக இருந்தால் உங்கள் தேவி கோபித்துக்கொள்வாளா? நான் கும்பிடுகிற ஆண்டவர் முடவனை எழுந்து நடக்கச் சொன்னவர், தெரியுமா?”

“தேவி ஒன்றும் சொல்லமாட்டாள்,” என்றாள் அவள். “நாங்கள்தான் எடுக்கமாட்டோம்.”

“சரி, கீழே கார்வரைக்கும் ஊன்றிக்கொண்டு வரட்டும். அங்கே வாங்கிக்கொண்டு வந்து நீயே வைத்துவிடு.”

அவள் தலையாட்டினாள். “எடுத்தவங்க கையாலதான் வைக்கணும். நான் கொண்டு வந்தால் நான் எடுத்ததாக ஆகிவிடும்.”

அவர் சோற்றை மென்று விழுங்கிவிட்டுக் கை கழுவினார். “செரிளா, விடு,” என்றார். “போற வழிதான. வச்சிருவோம்.”

“வச்சிட்டு? அதுக்குக் கீழதான அந்தச் சரிவு இருக்கு. ஏறும்போதே ரெண்டு தரம் வழுக்குச்சு. எறங்கும்போது எப்படி எறங்குவீங்க?”

“அதை அப்பப் பாப்பம்.”

நான் எழுந்துவிட்டேன். சமவெளியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். இலாகா ஜீப் வருகிற ஒரு மண்பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போவது தெரிந்தது. மகளை இழுத்து வந்து காட்டினேன். இப்படிப் போனால் தேவராயி வராது, நேராகக் கேட்டுக்குப் போய்விடலாம், நீ கைடிடம் டாடிக்கு முடியவில்லை என்று சொல்லு என்றேன்.

“மம்மி, அது சோரி நா,” என்றாள் மகள். அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “டாடியே வைக்கேன்னு சொல்லிட்டாங்க. நாம என்ன பண்றது?” என்றாள்.

திருட்டுதான். எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த நிமிஷத்தில் அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன் நான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பொருள்மேல் எனக்கு ஆசை வந்ததில்லை, நகைமேல்கூட.

திரும்பி இறங்கினோம். தேவராயி வரைக்கும் அவர் நன்றாக நடந்தார். இன்னும் எத்தனை அடி இப்படி நடப்பார் என்று நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஓரத்தில் உட்கார்ந்து அவரே ஷூவைக் கழற்றினார். உள்ளே போய், கொஞ்சம் தேடி, அந்த மரத்தைக் கண்டுபிடித்தார். எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே சாய்த்துவைத்தார். கையை எடுத்ததும் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. மரத்தில் கையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டார். நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் நின்று ஒரு கையால் கிளையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பேண்டைத் தட்டினார், உள்ளங்கால் இரண்டையும் தட்டினார், சட்டைப் பையை வெளியே இழுத்து உதறினார். நாங்கள் யாரும் அவ்வளவு சுத்தமாக உதறவில்லை.

பாறையில் உட்கார்ந்து லேஸ் கட்டினார். கட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை. கீழே சரிவைப் பார்த்தார். சரளைக்கல் வெயிலில் மின்னியது. தூரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கார் சின்னதாகத் தெரிந்தது. நான் மனசுக்குள் வரிசையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். சறுக்குகிறார், உருளுகிறார், ஆம்புலன்ஸ் வர வழியில்லை, கோர்படி வீட்டில் ஹாலில் கட்டில் போட்டிருக்கிறது.

“ஏளா,” என்றார்.

“என்ன?”

“அந்தக் குடைய எடுத்துட்டு வரச் சொல்லு.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் ஒன்றும் கேட்காமல் காரை நோக்கித் தடதடவென்று இறங்க ஆரம்பித்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று கைடு என்னிடம் கேட்டாள். குடை வேண்டுமாம் என்றேன். அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

“எப்பத்துலேருந்து தெரியும்?” என்றேன்.

“மொதல் நாளே தெரியும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் டிக்கிக்குள்ள ஒரு அலுமினியச் சத்தம். ஒடனே பின் சீட்டுல ஒரு இருமல். எஞ்சின் ஓட்டினவனுக்கு ரெண்டையும் சேத்துப் பாக்கத் தெரியாதா?”

“பொறவு ஏன் கேக்கல?”

“கேட்டா எடுத்துக் கையில குடுத்துருவ.”

நான் அவர் பக்கத்தில் அதே பாறையில் உட்கார்ந்தேன். கைடு கொஞ்சம் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தேவராயிக்குள்ளிருந்து ஏதோ ஒரு பறவை விட்டு விட்டுக் கூப்பிட்டது.

“ரெண்டு வருஷமா தரையவே பாத்து நடக்கேன்ளா,” என்றார் அவர். “கால எங்க வைக்கோம்னு பாக்கதுக்கே கண்ணு சரியாப் போச்சு. இன்னைக்கு மேல நின்னப்பதான் நிமுந்து பாத்தேன். அவ்வளவுதான்.”

நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். அவருக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

மகள் பெட்ஷீட்டோடு மேல்மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவர் பெட்ஷீட்டைப் பிரித்தார். பொத்தானை அமுக்கித் தன் உயரத்துக்கு வைத்தார், ஆட்டிப் பார்த்தார், ரப்பரைக் கல்லில் தேய்த்துப் பார்த்தார், வண்டி எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை சோதிப்பார்களே, அந்த மாதிரி. அப்புறம் எழுந்தார். பழைய எரிச்சலோடுதான், “நீ முன்னால போ,” என்றார் என்னிடம். “பின்னால நின்னு மூச்சு விடாத.”

நான் முன்னால் போனேன். பின்னால் கல்லில் ரப்பர் ஊன்றுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி பிடிவாதமாக நடந்தேன். ஏறும்போது கைடு காட்டிய சிறுத்தை மரத்தை அப்போதுதான் பார்த்தேன். நகக்கோடுகள் என் தலைக்கு மேலே இருந்தன. கேட்டில் கைடு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜாத்திரைக்கு வாருங்கள் காகூ, காகாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். டிக்கியைச் சோதித்த கார்டு, இவர் ஊன்றிக்கொண்டு வந்ததை உற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது ஸ்டிக் முன்சீட்டில் அவர் இரண்டு முட்டிக்கும் நடுவே இருந்தது. முதல் கிராமம் வந்தது, ஸ்பீட் பிரேக்கர் வந்தது. பழக்கதோஷத்தில் நான் இருமினேன். கார் ஏறி இறங்கியது. டிக்கியில் ஒரு சத்தமும் இல்லை.

“இப்பதான் வண்டி ஒழுங்கா ஓடுது,” என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த ஸ்பீட் பிரேக்கர் வரட்டும் என்று காத்திருந்து, அதன்மேல் ஏறும்போது நன்றாக இருமிக்கொண்டேன்.